டைட்டானியம் பல்லுக்கு ஒரு கேட் பாஸ்

குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பெனியில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக மதிக்கப்படுவது உடைந்த ஊசிப் பதிவேடு. தையல் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் அந்த லைன் அப்படியே நிற்க வேண்டும். துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்று சேர்த்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அக்கம்பக்கத்தில் கிடந்த துணி அத்தனையும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய் வர வேண்டும். எங்கோ ஒரு குழந்தையின் தோளில் ஊசி குத்திவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி இது. நல்ல எண்ணத்தில் வந்த விதியை எங்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் ஜெபக்குமார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கம்ப்ளையன்ஸ் டிபார்ட்மெண்டில் டாக்குமெண்டேஷன் என் வேலை. நடந்ததை எழுதுவது அல்ல. எழுதியதெல்லாம் நடந்தது என்று ஆடிட்டர் நம்பும்படி ஃபைல் போடுவது. என் மேனேஜர் மகுடேஸ்வரன். தும்மல் வந்தால்கூட அதற்கு நடைமுறை விதி எதுவும் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் தும்முவார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எப்படியாவது தப்பித்திருப்போம்.

மயில்சாமி அண்ணன் எங்கள் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஊர் குண்டடம் பக்கம். வாரத்தில் ஆறு நாள் துணியில் பிசிறு பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் நாற்பது பெண்களுக்கு வள்ளி கும்மி சொல்லிக்கொடுப்பார். அவர் பாட, அவர்கள் சுற்றி ஆட வேண்டும். பிசிறு நூலை டிரிம்மரால் வெட்ட வேண்டும் என்பது விதி. பல்லால் கடித்து அறுப்பது எங்கள் பழக்கம். இருபது வருஷப் பழக்கத்தில் அண்ணனின் மேல்வரிசை முன்பல் விரிசல் விட்டு வேரோடு போனது. அந்த ஓட்டை வழியாகப் பாட்டும் போனது.

"மைக்கு முன்னால நின்னா குக்கர் சத்தமாட்ட வருதுங்க. புள்ளைங்க சிரிக்குதுங்க," என்று அவரே சொல்லி வருத்தப்பட்டார். தைப்பூசத்துக்கு முதல் அரங்கேற்றம் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார். பல் போனதால் அதை ஒரு வருஷம் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

கம்பெனிக்குப் பக்கத்திலிருக்கும் ராயபுரத்தில் பல் டாக்டர் கீர்த்தனாவிடம் போனார். டாக்டர் அவர் தாடை எலும்பில் டைட்டானியத்தால் ஆன ஒரு சின்னத் திருகை இறக்கினார். எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள நாலு மாதம் விட்டு, மேலே பல் நிறத்தில் ஒரு தொப்பி மாட்டினார். மாட்டிவிட்டு அவர் சொன்னதை அண்ணன் எங்களிடம் மனப்பாடமாக ஒப்பித்தார்.

"இதுக்குச் சொத்தை வராதுங்க. ஆனா சுத்தியும் அழுக்குச் சேந்தா ஈறு புண்ணாகும், அப்பறம் உள்ள எலும்பு கரைஞ்சு போகும். சொந்தப் பல்லாட்ட முன்கூட்டி வலிச்சுச் சொல்லாது. ரத்தம் கசிஞ்சா அதுதான் சேதி, ஓடி வந்துருங்க. தினம் இந்தக் குட்டி பிரஷை இடுக்குல உட்டுத் தேய்ங்க. மொதல் வருசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா நான் ஈறைப் பாக்கோணும். வருசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே எடுத்து, பல்லு வெச்சப்ப எடுத்ததோட ஒப்பிட்டுப் பாக்கோணும்."

இவ்வளவுதான் விஷயம். மூன்று மாதம் கழித்து, ஒரு சித்திரை மாதத் திங்கட்கிழமை, அண்ணன் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், பொய் சொல்லத் தெரியாத மனிதர், "பல் திருகு பராமரிப்பு" என்று எழுதிவிட்டார்.

மகுடேஸ்வரன் அந்தச் சீட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஜெபக்குமாருங்க, இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். பல் டாக்டர்ட்ட போவணுமாம். ரெண்டு மணி நேரந்தான்."

"நேரத்தை உடுங்க. காரணத்தைப் படிங்க. திருகுங்க! செக்கிங் ஹாலுக்குள்ள, கொழந்தைத் துணிக்கு மேல, பதிவேட்டுல ஏறாத ஒரு திருகு மாசக்கணக்காத் தொங்கிட்டு இருந்திருக்குது!"

அன்று மதியமே அவசரக் கூட்டம். கூட்டத்தின் முடிவில், மயில்சாமி என்னும் பணியாளரை ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் செலுத்திப் பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எங்களிடம் அட்டைப்பெட்டியோடு துணி போகிற பெரிய மெஷின் ஒன்று உண்டு. அண்ணன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதில் மல்லாக்கப் படுத்தார். முன்னால் ஆறு மாதக் குழந்தைக்கான மஞ்சள் ஜட்டிப் பெட்டி ஒன்று போனது. பின்னால் அண்ணன் தலை போனது. மெஷின் மூச்சு விடவில்லை. பழக்கதோஷத்தில் அங்கிருந்த பெண் அவர் நெற்றியில் 'பாஸ்' ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள்.

"மெஷின் ரிப்பேருங்க," என்றார் மகுடேஸ்வரன்.

மெக்கானிக் முனீஸ் மதுரைக்காரன். சோதனைக்கென்று வைத்திருக்கும் இரும்புப் பொடி வைத்த அட்டையை உள்ளே விட்டான். மெஷின் ஊரைக் கூட்டியது. "மெஷின் நல்லாத்தேன் இருக்குண்ணே," என்றான். அப்படியானால் பல்தான் ரிப்பேர் என்று ஆனது. டாக்டருக்கு ஸ்பீக்கரில் போன் போடப்பட்டது.

"சார், அந்த மெஷின் இரும்பைத்தானுங்க பிடிக்கும். டைட்டானியத்தைப் பிடிக்காது," என்றார் டாக்டர் கீர்த்தனா.

"அப்ப எங்க மெஷினுக்குத் தெரியாம உங்க திருகு உள்ள வந்துட்டுப் போகும்ங்கறீங்க?"

"அது வரவும் வராது, போகவும் போகாதுங்க. எலும்போட பிடிச்சு நிக்குது."

"பிடிச்சு நிக்குதுங்கறதுக்கு ஆதாரமுங்க?"

"அதைப் பாக்கத்தானுங்க அவரை ரெண்டு மணி நேரம் அனுப்பச் சொல்றேன்!"

மகுடேஸ்வரன் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்டுபிடிக்கக் கூடிய உலோகத்தைவிடக் கண்டுபிடிக்க முடியாத உலோகம் ஆபத்தானது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அண்ணனின் பல் அன்று மாலையே "நபருடன் இணைந்த, கண்டறிய இயலாத, கழலும் வாய்ப்புள்ள உலோகப் பாகம்" என்று வகைப்படுத்தப்பட்டு, மெஷின் எண் 418 என்று நம்பர் பெற்றது. பல்லில் நம்பர் ஒட்ட இடமில்லாததால் சட்டைப் பையில் ஒட்டினார்கள்.

மெஷின் என்று ஆனபின் அதற்குத் தினசரி பராமரிப்புப் பதிவேடு வேண்டும். அதைத் தயாரித்தவன் நான்தான், மறைக்க மாட்டேன். நேரமில்லாததால் ஓவர்லாக் தையல் மெஷினின் பதிவேட்டையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். ஆட்டம் உண்டா, துரு உண்டா, எண்ணெய் விடப்பட்டதா, பெல்ட் இறுக்கம் சரியா, இரைச்சல் உண்டா. தினமும் காலையில் முனீஸ் டார்ச் அடித்து, "ஆடுதாண்ணே?" என்பான். "ஆடலீங்க," என்பார் அண்ணன். ஐந்து கட்டத்திலும் டிக் விழும். எண்ணெய் விட்டதாகவும் விழும், ஏனென்றால் எந்தக் கட்டமும் காலியாக இருந்தால் ஆடிட்டில் குறை. ஈறு என்ற உறுப்பு ஓவர்லாக் மெஷினுக்குக் கிடையாது. ஆகவே எங்கள் பதிவேட்டிலும் கிடையாது.

கம்பெனி மெஷின் கேட்டைத் தாண்டி வெளியே போனால் திரும்ப வரும் பொருளுக்கான பாஸ் வேண்டும். தினமும் சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி பெரியகருப்பன் நோட்டை விரிப்பார்.

"பல்லு, ஒண்ணு. எப்பத் திரும்ப வரும்?"

"காலைல எட்டரைக்குங்க."

"கூட வேற என்ன போவுது?"

"நானுங்க."

"உமக்குப் பாஸ் வேண்டாம். போலாம்."

பாஸில் போகுமிடம் 'வீடு' என்றுதான் இருக்கும். டாக்டரிடம் போக வேண்டுமானால் 'சர்வீஸுக்கு வெளியே அனுப்புதல்' என்ற வேறு பாஸ். அது வேண்டுமானால் சர்வீஸ் செய்பவர் எங்கள் அங்கீகரிக்கப்பட்ட சப்ளையராக இருக்க வேண்டும். டாக்டருக்கு நாற்பத்தொரு பக்க விண்ணப்பம் போனது. சாயக் கழிவுநீரை எங்கே விடுகிறீர்கள்? தையல் லைன்களுக்கு இடையே எத்தனை அடி வழி? உங்கள் வளாகத்தில் பதினான்கு வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு டாக்டர், பாவம், "தினமும் பத்துப் பேராவது" என்று உண்மையை எழுதிவிட்டார். அவர்கள் அங்கே பால்பல் பிடுங்கிக்கொள்ள வருகிறார்கள், வேலைக்கு அல்ல என்று விளக்கி, விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு, அதற்குப் பதில் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

நடுவில் அந்தக் குட்டி பிரஷும் போனது. மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் குழாயடியில் நின்று இடுக்கில் தேய்த்துக்கொண்டிருந்ததை மகுடேஸ்வரன் பார்த்தார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிரஷ்ஷின் நடுவே மயிரிழை போல ஒரு கம்பி.

"கம்பிங்க!" என்றார். பிரஷ் உறையிலிட்டு சீல் வைக்கப்பட்டது.

"ஊட்டுல போயித் தேச்சுக்குங்கண்ணா," என்றேன் நான், கொங்குத் தமிழில் ஆறுதல் சொல்லும் முயற்சியாக.

"அதுக்கென்ன கண்ணு. இங்கதான் தினமும் பாத்துக்கறாங்களே," என்றார் அவர். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக ஐந்து டிக் விழுவதைப் பார்த்துப் பார்த்து, தன் பல்லை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று அந்த மனிதர் நம்ப ஆரம்பித்திருந்தார். வீட்டிலும் தேய்ப்பதை விட்டுவிட்டார் என்று பின்னால்தான் தெரிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் காலை என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, வாய் கொப்பளிச்சா செவப்பா வருது."

"வலிக்கா?"

"துளி வலி இல்ல."

"அண்ணாச்சி, நீங்க பேசாம ஒருநாள் லீவைப் போட்டுட்டு டாக்டர்ட்ட போயிருங்க. எவன் கேக்கான்?"

"பாஸ் இல்லாம மெஷினை வெளிய கொண்டு போனதா ஆயிருமே கண்ணு. ஞாயித்துக்கெழமை அங்க லீவு. அதுமில்லாம..." பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். "நூத்தி முப்பது நாளு ஓக்கே போட்டிருக்குது. முனீஸு கையெழுத்து, உங்க கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து. இத்தனை பேரு சேந்து தப்பாவா எழுதுவீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே மகுடேஸ்வரனுக்கு ஒரு குறிப்பு வைத்தேன். ரத்தம் என்ற சொல்லைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். பாராட்டத்தக்க வேகத்தில் நடவடிக்கை எடுத்தார். துணியில் ரத்தக்கறை படாமல் இருக்க மயில்சாமி இனிமேல் ஹாலுக்குள் மாஸ்க் அணிய வேண்டும், எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. மெஷின் எண் 418-ஐ ஹாலுக்குள் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. ஆகவே மறுநாளிலிருந்து முனீஸ் மாஸ்க் மேலே டார்ச் அடித்தான். "ஆடுதாண்ணே?" "ஆடலீங்க." ஐந்து டிக்.

டாக்டர் கீர்த்தனா எனக்குப் போன் செய்து பொரிந்து தள்ளினார். "ஒம்பது மாசமாச்சுங்க, ஒருக்காக்கூட வல்லை! நீங்க அவரு ஈறைப் பாக்கறீங்களா, ரெஜிஸ்டரைப் பாக்கறீங்களா?"

"ரெஜிஸ்டரைத்தான் மேடம். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்றேன். அது ஒன்றுதான் அந்த வருஷம் நான் சொன்ன கலப்படமில்லாத உண்மை.

மார்கழிக் கடைசியில் ஆடிட் வந்தது. எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையருக்காக பெங்களூரிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். தீயணைப்பான், கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டு, நாலு ஃபைலுக்கு நடுவில் 418-ஐக் கண்டெடுத்தார். புரட்டப் புரட்டக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் ஒரு பல்லுக்கு இவ்வளவு அக்கறை காட்டிய நிர்வாகத்தைப் பார்த்ததில்லை என்றார். மகுடேஸ்வரன் நடைமுறை விதி எதையும் தேடாமல் சிரித்தார்.

"அந்தப் பல்லை நான் பார்க்கலாமா?"

கான்பரன்ஸ் அறை ஹாலுக்கு வெளியே இருந்ததால் மாஸ்க்கைக் கழற்ற அனுமதி கிடைத்தது. அண்ணன் பதிவேட்டின் முன்னால் கைகட்டி நின்றார்.

"இந்தப் பல்லால் உங்களுக்கு என்ன பயன்?" என்று அம்மையார் கனிவாகக் கேட்டார். பணியாளரிடம் கனிவாக ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் படிவத்தில் இருக்கிறது.

"பாடுவேனுங்க. வார தைப்பூசத்துக்கு அரங்கேற்றமுங்க."

"பாடுங்களேன்."

அவர் கண்ணை மூடி, முருகன் வேடன் வேஷத்தில் தினைக்காட்டுக்குள் நுழையும் இடத்தை எடுத்தார். ஒரு வருஷமாக ஆசை ஆசையாகக் காத்திருந்த குரல். இரண்டாவது அடியில் உச்சத்துக்கு ஏறியபோது 'டொக்' என்று ஒரு சத்தம். திருகும் தொப்பியுமாக மெஷின் எண் 418, திறந்திருந்த பதிவேட்டின் மேல், அன்றைய ஐந்து டிக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. கொஞ்சம் ரத்தமும்.

அண்ணன் கை வாய்க்குப் போனது. முதலில் சுதாரித்தவர் மகுடேஸ்வரன்தான்.

"துண்டு எல்லாம் கிடைச்சுதாங்க?"

முனீஸ் குனிந்து பார்த்தான். "முழுசாத்தேன் இருக்குண்ணே."

மகுடேஸ்வரன் செலோடேப்பை நீட்டினார். நான் ஒட்டினேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். அம்மையார் மணியைப் பார்த்து, "மூன்று நிமிடம். நூறு சதவீத மீட்பு," என்று குறித்துக்கொண்டார். குறை எதுவும் இல்லை, பச்சை மதிப்பீடு.

"சார், அதைக் குடுத்தீங்கன்னா டாக்டரம்மாகிட்டக் காட்டிக் கேப்பனுங்க," என்றார் அண்ணன், காற்றோடு.

"அதெப்படிங்க? அது இப்பப் பதிவேடுங்க. மூணு வருசம் பத்திரப்படுத்தோணும்," என்றார் மகுடேஸ்வரன். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

ஆடிட் முடிந்துவிட்டதால் மறுநாளே அண்ணனுக்கு டாக்டரிடம் போக பர்மிஷன் கிடைத்தது. இனி வெளியே கொண்டு போகக் கம்பெனிப் பொருள் எதுவும் அவர் வாயில் இல்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, பழைய எக்ஸ்ரேயோடு வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாராம். திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம் போலக் கரைந்திருந்ததாம். புண் ஆறி, எலும்புத்தூள் வைத்து, அது கெட்டிப்பட்டு, மறுபடி திருகு இறக்க ஒரு வருஷம் ஆகும். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை ஈறைப் பார்த்துச் சுத்தம் செய்திருந்தால் போதும் என்றாராம்.

தைப்பூசத்துக்கு மயில்சாமி அண்ணன் மாஸ்க் போட்டுக்கொண்டு பாடினார். பாதி வார்த்தை துணிக்குள் போய்விட்டது. கூட்டம் இதுதான் இப்போதைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டது. மாசி முடிவதற்குள் மூலனூரிலும் பல்லடத்திலும் வேறு மூன்று கும்மி ஆசிரியர்கள், வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு, பச்சைப் பட்டு மாஸ்க் கட்டிப் பாடினார்கள். வீடியோ ஓடு ஓடென்று ஓடியது. உங்களைப் பார்த்து ஊரே மாறிவிட்டது என்று அண்ணனிடம் நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பாட்டு யாருக்கும் கேட்கவில்லையே என்றுதான் வருத்தப்பட்டார்.

எங்கள் பதிவேடு சிறந்த நடைமுறை என்று அறிவிக்கப்பட்டு, பையருக்குத் துணி தைக்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் போனது. எங்கள் கம்பெனியில் வாயில் உலோகம் உள்ளவர்கள் கணக்கெடுக்கப்பட்டார்கள். திருகு, தொப்பி, வெள்ளி அடைப்பு எல்லாம் சேர்த்து அறுபத்து மூன்று பேர். நாயன்மார்களின் எண்ணிக்கை. கடைவாயில் வெள்ளி அடைத்த நானும் அதில் ஒருவன். இதற்குள் டாக்டர் கீர்த்தனாவின் விண்ணப்பமும் ஒருவழியாக அங்கீகாரம் பெற்றிருந்தது. அறுபத்து மூன்று பேரும் முறைவைத்து அவரிடம் போக வேண்டும். ஆளுக்குப் பதினாலு பக்கப் படிவம், மூன்று நகல். முதல் மாதம் அவர் என்னிடம் சண்டை போட்டார். இரண்டாம் மாதம் படிவம் நிரப்ப ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். மூன்றாம் மாதத்திலிருந்து சண்டை இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மயில்சாமி அண்ணனுக்கு இரண்டாவது திருகு ஏறி, தொப்பியும் மாட்டி, முதல் மூன்று மாதப் பரிசோதனை வந்தது. அன்று சப்ளையர் ஆடிட் செய்ய நானும் ராயபுரம் போயிருந்தேன். கிளினிக் வாசலில் எங்கள் கம்பெனி ஆட்கள் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே எல்லாம் கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தது. கருவிகள் வரிசையாக, நம்பர் ஒட்டி. டாக்டர் மேஜை நிறைய ஃபைல். நாற்காலியில் அண்ணன்.

"டாக்டரம்மா, ஈறு லேசாச் செவந்தாப்பல இருக்குதுங்க," என்று அவர் வாயை அகலத் திறந்தார்.

டாக்டர் பதினோராம் பக்கத்தில் இருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒரு நிமிசமுங்க. வாயை மூடிட்டு இங்கொரு கையெழுத்துப் போட்டுருங்க. வெளிய பதினெட்டுப் பேரு நிக்கறாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையிலிருந்த தீ எச்சரிக்கைக் கருவியைப் பார்த்தேன், அது நன்றாக வேலை செய்தது. அவர் வாயை மூடினார். கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். கிளினிக்குக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தேன்.

படிவம் நிரப்பும் பெண் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். என் பெயர். நான் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை, பேனாவைத் திறந்தேன்.